நீரிழிவு உள்ள பிள்ளையின் பள்ளிப் பையில் என்ன பானம் வைக்கலாம்? புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

நீரிழிவு இருப்பது இப்போதுதான் தெரியவந்த பிள்ளை மறுபடி பள்ளிக்குக் கிளம்பும்போது, சாப்பாட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லி அனுப்புவார்கள். குடிப்பதைப் பற்றிக் கேட்டால் "ஜூஸ் கொடுக்காதீங்க, தண்ணி கொடுங்க" என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும். அதில் பாதிதான் சரி. இன்சுலின் போடும் பிள்ளை ஜூஸ் இல்லாமல் பள்ளிக்குப் போகவே கூடாது. அந்த ஜூஸ் மதியச் சாப்பாட்டோடு குடிப்பதற்கு அல்ல, இரத்தத்தில் சர்க்கரை இறங்கும்போது தூக்கி நிறுத்துவதற்கு.

அதனால் "எந்தப் பானம் ஆரோக்கியமானது" என்று தேடத் தொடங்காதீர்கள். எந்தப் பானம் எந்த வேலைக்கு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். வேலை மூன்றுதான்: நாள் முழுக்கத் தாகத்துக்கு ஒன்று, மதியம் சாப்பாட்டோடு ஒன்று, சர்க்கரை தாழ்ந்தால் மீட்புக்கு ஒன்று. பள்ளியில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி, ஒன்றின் வேலைக்கு இன்னொன்றைப் பயன்படுத்துவதால் வருவது.

கீழே உள்ள அளவுகள் இன்சுலின் போடும் முதல் வகை நீரிழிவுப் பிள்ளைகளை மனதில் வைத்தவை. இரண்டாம் வகை இருந்து, மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுக்கும் பிள்ளைக்கு சர்க்கரை அபாய அளவுக்கு இறங்குவது அரிது. அவர்களுக்கு 4ஆம் படி பெரும்பாலும் தேவைப்படாது, மற்றவை பொருந்தும். உங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்த எண் இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதுதான் செல்லும்.

1. பாட்டில் வாங்குவதற்கு முன் காகிதம்

பள்ளி திறக்க (அல்லது பிள்ளை மறுபடி பள்ளிக்குப் போக) இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள். மருத்துவர் கையெழுத்து, பள்ளியின் ஒப்புதல், வகுப்பாசிரியருக்கு விளக்குவது எல்லாம் ஒரே நாளில் நடக்காது. நாள் குறைவாக இருந்தால் முழுத் திட்டத்துக்காகக் காத்திருக்காமல், மீட்பு ஜூஸ் பற்றிய ஒரு பக்கத்தை மட்டும் முதலில் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

மருத்துவமனையில் "பள்ளிப் பராமரிப்புத் திட்டம்" என்று கேட்டால் பெரும்பாலும் அச்சடித்த படிவமே இருக்கும். அதில் இன்சுலின் அளவும் அவசரத் தொலைபேசி எண்ணும் இருக்கும். பானங்களுக்கு ஒரு வரி கூட இல்லாமல் இருக்கலாம். இந்த ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள்:

- தண்ணீர் பாட்டிலை மேசையிலேயே வைத்துக்கொள்ளவும், பாட வேளையில் குடிக்கவும் அனுமதி.
- கேட்டவுடன் கழிப்பறைக்குப் போக அனுமதி. சர்க்கரை ஏறினால் தாகமும் சிறுநீரும் சேர்ந்தே வரும். ஒன்றுக்கு அனுமதித்து இன்னொன்றைத் தடுத்தால் பிள்ளை தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளும்.
- மீட்புப் பானம் எது, எத்தனை மி.லி., எந்த எண்ணுக்குக் கீழே போனால் கொடுக்க வேண்டும்.
- மதியப் பானத்துக்கு இன்சுலின் கணக்கு உண்டா, யார் கணக்கிடுகிறார்கள், பிள்ளை பாதியில் விட்டால் என்ன செய்வது.
- தேர்வுக் கூடத்துக்குத் தண்ணீரும் மீட்பு ஜூஸும் சர்க்கரை மானியும் கொண்டுபோக அனுமதி.

கடைசி வரியைப் பலர் தேர்வு வாரத்தில்தான் நினைக்கிறார்கள். பொதுத் தேர்வு என்றால் இந்த அனுமதிக்குத் தனி விண்ணப்பமும் கடைசித் தேதியும் இருக்கும். ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டுவையுங்கள்.

திட்டத்தை நான்கு படி எடுங்கள். அலுவலகத்துக்கு ஒன்று, வகுப்பாசிரியருக்கு ஒன்று, விளையாட்டு ஆசிரியருக்கு ஒன்று, பையில் ஒன்று. விடுப்பில் போன ஆசிரியருக்குப் பதிலாக வருபவர் கையில் இருக்கப்போவது பையிலுள்ள படிதான்.

2. நாள் முழுக்கக் குடிக்கும் பாட்டில்: தண்ணீர் மட்டும்

இந்தப் படியில் பேச அதிகம் இல்லை. மேசையில் இருக்கும் பாட்டிலில் கார்போஹைட்ரேட் (சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்தது, இனி இதை கார்ப் என்றே சொல்வோம்) சுழியமாக இருக்க வேண்டும். பிள்ளை எப்போது எவ்வளவு உறிஞ்சும் என்று யாராலும் கணக்குவைக்க முடியாது. கணக்குவைக்க முடியாத இடத்தில் கார்ப் இருக்கக் கூடாது. இனிப்பான எதையும் மணிக்கணக்கில் சிறுகச் சிறுகக் குடித்தால் சர்க்கரையும் ஏறும், பல்லும் போகும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் வெளியிட்ட அளவுப்படி, ஒரு நாளில் 4 முதல் 8 வயதுக்கு 1.6 லிட்டர், 9 முதல் 13 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு 1.9 லிட்டர், ஆண் பிள்ளைகளுக்கு 2.1 லிட்டர் நீர் போதுமானது. இது உணவில் கிடைக்கும் நீரையும் சேர்த்த கணக்கு. பள்ளி நேரத்துக்குச் சின்னப் பிள்ளைக்கு 500 மி.லி. பாட்டில், பெரிய பிள்ளைக்கு 750 மி.லி. பாட்டில், நிரப்பிக்கொள்ள வசதி இருந்தால் சரியாக இருக்கும். வெயில் நாளிலும் விளையாட்டு நாளிலும் கூடுதலாக வேண்டும்.

வெறும் தண்ணீர் பிடிக்காது என்றால் வெள்ளரித் துண்டு, புதினா இலை, மெல்லிய எலுமிச்சை வில்லை போடலாம். அதிலிருந்து இறங்கும் கார்ப் கணக்கில் சேராத அளவுதான். துண்டுகளை இரவு குளிர்சாதனப் பெட்டியில் ஊறவைத்து, காலையில் வடித்துவிட்டுத் தண்ணீரை மட்டும் பாட்டிலில் ஊற்றுங்கள். ஊறிய துண்டு பாட்டிலுக்குள் மதியம் வரை கிடந்தால் வாடை வரும், உறிஞ்சுகுழாயும் அடைக்கும்.

ஆசிரியருக்குச் சொல்லிவைக்க வேண்டிய ஒன்று: பாட்டில் வழக்கத்தைவிட சீக்கிரம் காலியாகி, பிள்ளை அடிக்கடி கழிப்பறைக்கு எழுந்தால் அது சேட்டை இல்லை. சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். 250 மி.கி./டெ.லி.க்கு (14 மில்லிமோல்) மேல் நீடித்தால் கீட்டோனும் (இன்சுலின் போதாதபோது உடலில் சேரும் அமிலம்) பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். வாந்தியும் சேர்ந்துகொண்டால் பள்ளியிலேயே சமாளிக்கப் பார்க்காமல் உடனே உங்களையும் மருத்துவரையும் அழைக்க வேண்டும்.

3. சாப்பாட்டோடு குடிக்கும் பானம்: எண் தெரிந்த பிறகே பையில்

சாப்பாட்டோடும் தண்ணீரே போதும் என்று பிள்ளை ஒப்புக்கொண்டால் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுங்கள், ஒரு குறையும் இல்லை. கால்சியமும் புரதமும் வேண்டும், மற்ற பிள்ளைகளைப் போல ஏதாவது குடிக்கவும் வேண்டும் என்றால் இனிப்பில்லாத பால்தான் முதல் தேர்வு. அதில் கார்ப் உண்டு, ஆனால் அளவு ஏறக்குறைய மாறாது.

200 மி.லி.க்குத் தோராயமான கார்ப் இது:

- பசும்பால், கொழுப்பு நீக்கியதோ நீக்காததோ: 10 கிராம்
- லாக்டோஸ் (பாலில் இயற்கையாக உள்ள சர்க்கரை) நீக்கிய பால்: பெரும்பாலும் அதே 10 கிராம்
- தயிரும் தண்ணீரும் சரிபாதியாகக் கடைந்த மோர்: 5 கிராம்
- இனிப்பு சேர்க்காத சோயா பால்: 1 முதல் 3 கிராம்
- இனிப்பு சேர்க்காத பாதாம் பால்: 1 கிராம் அல்லது அதற்கும் கீழே
- ஓட்ஸ் பால்: 12 முதல் 14 கிராம்
- அரிசிப் பால்: 18 முதல் 20 கிராம்
- கடையில் வாங்கும் சாக்லேட் பால்: 18 முதல் 24 கிராம்
- விளையாட்டு வீரர்களுக்கென்று விற்கும் பானம்: 12 கிராம்
- ஆரஞ்சுச் சாறு 20, ஆப்பிள் சாறு 22, திராட்சைச் சாறு 30 கிராம்
- கோலா: 21 கிராம்

இந்தப் பட்டியலில் தடுக்கிவிழும் இடங்கள் சில உண்டு. கொழுப்பு நீக்கிய பாலில் சர்க்கரை குறைவு என்று நினைப்பது அவற்றில் முதலாவது. கொழுப்புதான் போகிறது, லாக்டோஸ் அப்படியே இருக்கிறது. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் பெரும்பாலும் கார்ப் எங்கும் போவதில்லை. லாக்டோஸை நொதி போட்டு குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் முன்கூட்டியே உடைத்துவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால்தான் நாக்கில் கூடுதலாக இனிக்கிறது.

ஓட்ஸ் பால் இன்னும் ஏமாற்றும். பொட்டலத்தில் "சர்க்கரை சேர்க்கவில்லை" என்று போட்டிருப்பார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் தயாரிப்பின்போதே ஓட்ஸின் மாவுச்சத்து நொதியால் மால்டோஸ் என்ற சர்க்கரையாக உடைந்துவிடுகிறது. சர்க்கரையை வேகமாக ஏற்றுவதில் மால்டோஸ் சாதாரணச் சீனிக்கு இளைத்ததில்லை. பாதாம் பாலில் கார்ப் இல்லை என்பது சரி, கூடவே புரதமும் அநேகமாக இல்லை. பசும்பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குக் கால்சியம் சேர்த்த, இனிப்பில்லாத சோயா பாலே பொருத்தம்.

பழச்சாறு "இயற்கையானது" என்பதால் பானமாகக் கொடுக்கலாமா? வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சாற்றிலுள்ள சர்க்கரையையும் குறைத்துக்கொள்ள வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. பழத்தைப் பழமாகவே டப்பாவில் வையுங்கள். அதே கார்ப் மெதுவாக ஏறும், வயிறும் நிறையும்.

லேபிளில் எதைப் பார்ப்பது

பார்க்க வேண்டிய வரி "சர்க்கரை" அல்ல, "மொத்தக் கார்போஹைட்ரேட்". மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்றவை சர்க்கரை வரியில் வராமலே குளுக்கோஸைப் போல வேலைசெய்யும். பிறகு அந்த எண் 100 மி.லி.க்கா, ஒரு பரிமாறலுக்கா, முழுப் பெட்டிக்கா என்று பாருங்கள். 250 மி.லி. பெட்டியில் 100 மி.லி.க்கான எண்ணைப் பார்த்து இன்சுலின் போட்டால் தேவையில் பாதிகூட உள்ளே போகாது.

உணவு விதிகளை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸின் வரையறைப்படி "சர்க்கரை இல்லாதது" என்றால் 100 மி.லி.க்கு 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது. "சர்க்கரை சேர்க்காதது" என்றால் தயாரிப்பாளர் சீனி போடவில்லை என்று மட்டுமே பொருள். நூறு சதவீத திராட்சைச் சாறும் அந்த வரிக்குத் தகுதி பெற்றுவிடும்.

இன்சுலின் கணக்கு

பாலைத் தனியாகக் கணக்கிடாதீர்கள், சாப்பாட்டின் மொத்தத்தோடு கூட்டுங்கள். 15 கிராம் கார்புக்கு 1 யூனிட் இன்சுலின் என்ற விகிதம் உள்ள பிள்ளைக்கு, 10 கிராம் கார்ப் உள்ள பால் முக்கால் யூனிட்டுக்கும் கீழே வரும். அரை யூனிட்டுக்குக் கீழே இன்சுலின் பேனாவால் போட முடியாது. சாப்பாடு 35, பால் 10, ஆக 45 கிராம் என்று கூட்டினால் 3 யூனிட் என்று நேராக முடிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு இதற்காகவே 200 மி.லி.க்குப் பதில் 150 மி.லி. பால் வைப்பது எளிது.

இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே போடும் பிள்ளைகளிடம் ஒரு சிக்கல் வரும். மணியடிக்கும், விளையாடப் போகும் அவசரத்தில் பால் பாதியில் நிற்கும். போட்ட இன்சுலினுக்குக் கார்ப் போதாமல் ஒன்றரை மணி நேரத்தில் சர்க்கரை இறங்கும். வழி இரண்டு. சாப்பாடு பாதி முடிந்ததும் பாலைக் குடித்துவிட்டு மீதியைச் சாப்பிடப் பழக்குங்கள். அல்லது பள்ளி நாளில் மட்டும் பாலை வீட்டுக்கு மாற்றிவிட்டு மதியத்துக்குத் தண்ணீர் கொடுங்கள். அடிக்கடி மிச்சம் வைக்கும் பிள்ளைக்கு இரண்டாவது வழியே நிம்மதி.

வீட்டில் அடித்த பழப்பால் என்றால் எடைபோட்டே தீர வேண்டும். கணக்கு இப்படி: பால் 150 மி.லி. (7 கிராம்), ஸ்ட்ராபெர்ரி 100 கிராம் (8 கிராம்), மொத்தம் 15 கிராம். அடித்த பிறகு 240 மி.லி. வந்தால், பாட்டிலில் ஊற்றும் 200 மி.லி.யில் 12.5 கிராம் கார்ப். ஸ்ட்ராபெர்ரிக்குப் பதிலாக அதே 100 கிராம் உரித்த வாழைப்பழம் போட்டால் பழம் மட்டுமே 23 கிராம், மொத்தம் 30 ஆகிவிடும். "ஒரு பழம்" என்ற அளவு எதற்கும் உதவாது. சின்னப் பழத்துக்கும் பெரிய பழத்துக்கும் இரண்டு மடங்கு வித்தியாசம் வரலாம். பாட்டிலில் ஒட்டுத்தாள் ஒட்டி "200 மி.லி., 12.5 கிராம் கார்ப்" என்று எழுதுங்கள்.

இனிப்பூட்டி சேர்த்த டயட் பானங்கள் சர்க்கரையை ஏற்றுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023இல் உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று பரிந்துரைத்தது, ஆனால் ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. என்றாலும் அன்றாடப் பழக்கமாக்க வேண்டாம். அமிலம் பல்லை அரிக்கும், சார்பிட்டால் என்ற இனிப்பூட்டி சேர்த்தது வயிற்றுப்போக்கை உண்டாக்கும், பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் உள்ள பிள்ளைக்கு ஆஸ்பார்டேம் என்ற இனிப்பூட்டி ஆகவே ஆகாது. விழா நாளில் ஒரு கோப்பை என்றால் பரவாயில்லை. ஆற்றல் பானங்கள் எந்த வகையும் வேண்டாம், அவற்றில் காஃபீன் இருக்கிறது.

4. மீட்புப் பானம்: இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்

சர்க்கரை 70 மி.கி./டெ.லி.க்கு (3.9 மில்லிமோல்) கீழே இறங்கினால் வேகமாக ஏறும் கார்ப் வேண்டும். பிள்ளைகளுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம். ஆப்பிள் சாற்றில் அது இப்படி வரும்:

- 20 கிலோ பிள்ளை: 6 கிராம், சுமார் 55 மி.லி.
- 30 கிலோ: 9 கிராம், சுமார் 80 மி.லி.
- 40 கிலோ: 12 கிராம், சுமார் 110 மி.லி.
- 50 கிலோ: 15 கிராம், சுமார் 135 மி.லி.

தானே இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்ப் போட்ட பிள்ளைக்கு இதைவிடக் குறைவாகவே தேவைப்படலாம், ஏனென்றால் சர்க்கரை இறங்கும்போதே பம்ப் இன்சுலினை நிறுத்தியிருக்கும். அந்த அளவை மருத்துவக் குழுவிடம் கேட்டு எழுதிவாங்குங்கள்.

பட்டியலைப் பார்த்தாலே முதல் பொறி தெரியும். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 200 மி.லி. பெட்டி. 30 கிலோ பிள்ளை அதை முழுக்கக் குடித்தால் 22 கிராம் உள்ளே போகும், தேவைக்கு இரண்டு மடங்குக்கு மேல். ஒரு மணி நேரத்தில் சர்க்கரை எகிறி நிற்கும், "மதியச் சாப்பாடுதான் ஒத்துக்கொள்ளவில்லை" என்று தவறான இடத்தில் காரணம் தேடுவீர்கள். 100 மி.லி. அளவில் பெட்டி கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால், மீட்பு டப்பாவில் கோடு போட்ட சிறிய பிளாஸ்டிக் கோப்பை ஒன்றை வைத்து, கோடு வரை ஊற்றிக் குடிக்கச் சொல்லுங்கள். குளுக்கோஸ் மாத்திரை இன்னொரு வழி. ஒன்றில் பெரும்பாலும் 3 முதல் 4 கிராம் இருக்கும், அளவு தவறாது, கொட்டாது.

மற்ற பொறிகள்:

டயட் பானத்தைக் கொடுத்துவிடுவது. இதைவிட ஆபத்தான தவறு இல்லை. நீரிழிவு என்றால் சர்க்கரை இல்லாததைத்தான் கொடுக்க வேண்டும் என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் டயட் கோலாவை நீட்டுவார். பிள்ளை குடிக்கும், பதினைந்து நிமிடம் போகும், சர்க்கரை இன்னும் இறங்கும். அதனால் பிள்ளையின் பையில் டயட் பானமும் மீட்புப் பானமும் ஒரே நாளில் சேர்ந்திருக்கக் கூடாது. மீட்பு டப்பா மேல் "சர்க்கரை குறைந்தால் இது மட்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

பால் கொடுப்பது. பாலிலும் கார்ப் இருக்கிறதே என்று தோன்றும். கொழுப்பும் புரதமும் வயிற்றைவிட்டு இறங்கத் தாமதமாக்கும். சாக்லேட்டுக்கும் இதே கதைதான்.

பழைய கணக்கையே நம்புவது. தயாரிப்பாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சேர்மானத்தை மாற்றுவார்கள். பிரிட்டனில் 2018இல் சர்க்கரைப் பான வரி வருவதற்கு முன்பே, 2017இல் லூக்கோசேட் எனர்ஜி என்ற குளுக்கோஸ் பானத்தின் கார்ப் 100 மி.லி.க்குச் சுமார் 17 கிராமிலிருந்து 9 கிராமாகக் குறைக்கப்பட்டது. அங்கே பலருக்கு அதுதான் மீட்புப் பானம். பழைய அளவையே குடித்தால் பாதி சர்க்கரைதான் கிடைக்கும் என்ற நிலை வந்தது. புதிதாக வாங்கும் ஒவ்வொரு முறையும் லேபிளை மறுபடி படியுங்கள்.

மீட்பு ஜூஸுக்கு இன்சுலின் போடுவது. கூடவே கூடாது. பம்ப்பில் கார்ப் என்று பதிவுசெய்தால் அது இன்சுலினைத் தள்ளும், சர்க்கரை மறுபடி இறங்கும். உதவிக்கு வரும் பெரிய வகுப்புப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

சென்சாரை மட்டும் பார்த்து மேலும் மேலும் கொடுப்பது. தோலில் ஒட்டிய சென்சார் இரத்தத்துக்குச் சில நிமிடம் பின்தங்கியே காட்டும். ஜூஸ் வேலைசெய்யத் தொடங்கிய பிறகும் திரையில் எண் இறங்கிக்கொண்டிருக்கும். 15 நிமிடம் பொறுத்து, விரலில் குத்திப் பார்த்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால்தான் இரண்டாவது முறை. குத்தும் முன் விரலைக் கழுவ வேண்டும். ஜூஸ் ஒட்டிய விரலில் எடுத்த சொட்டு, உண்மையில் 60 இருக்கும்போது 150 என்று காட்டக்கூடும். கழுவ வழியில்லை என்றால் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவது சொட்டை எடுங்கள்.

சர்க்கரை தாழ்ந்திருக்கும் பிள்ளையின் கை நடுங்கும். மெல்லிய உறைக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயைப் பிரித்து, வெள்ளிக்காகித ஓட்டையில் குத்துவது அந்தக் கைக்குப் பெரிய வேலை. குழாய் உதிர்ந்துபோன பெட்டியும் உண்டு. திருகுமூடி போட்ட சின்ன பாட்டிலில் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இல்லாவிட்டால் உதிரிக் குழாய் இரண்டை டப்பாவில் ஒட்டிவையுங்கள். சர்க்கரை இறங்காத ஒரு நாளில் பிள்ளை தானே திறந்து பழகட்டும்.

டப்பா ஒன்று போதாது. பையில் ஒன்று, வகுப்பில் ஒன்று, விளையாட்டு ஆசிரியரிடம் ஒன்று, பள்ளி வண்டியில் ஒன்று. சர்க்கரை குறைந்த பிள்ளையை மருத்துவ அறைக்குத் தனியாக நடக்கவிடக் கூடாது. ஜூஸ்தான் பிள்ளையிடம் வர வேண்டும். நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, திட்டத்தில் உள்ளபடி குளுக்ககான் (சர்க்கரையை உயர்த்தும் அவசர மருந்து) கொடுத்து, ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் சர்க்கரை இறங்கியிருந்தால் வரிசை இதுதான்: முதலில் ஜூஸ், 15 நிமிடம் பொறுத்து 70க்கு மேல் வந்ததா என்று பார்ப்பது, அதன் பிறகு இன்சுலினும் சாப்பாடும்.

5. பள்ளிக்கு அனுப்பும் முன் விடுமுறையில் ஒத்திகை

புதிய மதியப் பானம் எதையும் முதல் தடவை பள்ளியில் கொடுக்காதீர்கள். விடுமுறை நாளில், எண் நன்றாகத் தெரிந்த வழக்கமான சாப்பாட்டோடு கொடுத்து, குடிக்கும் முன், 1 மணி நேரம் கழித்து, 2 மணி நேரம் கழித்து என்று மூன்று முறை பாருங்கள். சாப்பாட்டையும் பானத்தையும் ஒரே நாளில் மாற்றினால் எது ஏற்றியது என்று தெரியாது. காய்ச்சல் நாளும் ஓடியாடும் நாளும் ஒத்திகைக்கு ஆகாது. ஒரு நாள் எண்ணை வைத்து முடிவெடுக்காமல் இன்னொரு விடுமுறையிலும் பார்த்துவிடுங்கள்.

6. பை கட்டுவது

பால், மோர், பழப்பால் எல்லாம் வெளிச்சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தால் 1 மணி நேரம்தான். காலை ஏழரைக்குக் கட்டி மதியம் பன்னிரண்டரைக்குத் திறக்கும் பைக்கு இது போதவே போதாது. குளிர்காக்கும் குடுவையில் பனிக்கட்டித் தண்ணீர் ஊற்றி 10 நிமிடம் வைத்து, அதைக் கொட்டிவிட்டு, குளிர்ந்த பாலை ஊற்றுங்கள். இந்த முன்குளிர்ச்சி இல்லாமல் ஊற்றினால் குடுவையின் சூடே பாலில் ஏறிவிடும். இதற்கெல்லாம் நேரமில்லை என்றால், உயர்வெப்பத்தில் பதப்படுத்தி அடைத்த 200 மி.லி. இனிப்பில்லாத பால் பெட்டி இருக்கிறது. திறக்கும் வரை குளிர் வேண்டியதில்லை, அளவும் அச்சில் இருக்கிறது. பள்ளிக்கு இதுவே எல்லா வகையிலும் வசதி.

பனிக்கட்டிப் பொதியை இன்சுலின் பேனாவோடு ஒட்டிவைக்காதீர்கள். உறைந்த இன்சுலின் வீரியம் இழந்துவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். பேனாவுக்குத் தனி அறை, இரண்டுக்கும் நடுவில் துணி. மீட்பு டப்பாவும் உணவுப் பைக்குள் வேண்டாம். மற்ற பிள்ளைகளோடு பங்கிட்டுக் காலியாவது அங்கேதான்.

மூன்று பாட்டிலும் மூன்று நிறத்தில் இருந்தால் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் குழம்பாது.

7. வழக்கம் மாறும் நாட்கள்

விளையாட்டு வகுப்புள்ள நாளில், தொடங்கும் முன் சர்க்கரை 90க்குக் கீழே இருந்தால் 10 முதல் 20 கிராம் கார்ப் தேவைப்படலாம். விளையாட்டு வீரர் பானத்துக்கு ஏதாவது இடம் உண்டென்றால் இங்கேதான், அதுவும் அளந்து. எண் நன்றாக இருந்தால் தண்ணீரே போதும். விளையாடி முடித்த பிறகு, மாலையிலும் இரவிலும் கூட சர்க்கரை இறங்கும், அன்றைக்குத் திரும்பும் வழிக்கு மீட்புப் பெட்டி ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

பிறந்தநாள் கொண்டாட்டம் பற்றி ஒரு நாள் முன்பே ஆசிரியர் குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். பானத்தின் பெயரும் கோப்பையின் அளவும் தெரிந்தால் கணக்கில் சேர்க்கலாம், அல்லது அதே நிறத்தில் டயட் பானத்தைப் பையில் வைக்காமல் ஆசிரியரிடம் நேரில் கொடுத்துவிடலாம். "எங்கள் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம்" என்று தடுப்பதைவிட இது நல்லது. தடுத்தால் பிள்ளை ஒளித்துக் குடிக்கும், குடித்தது யாருக்கும் தெரியாது.

8. செலவு

எதில் மிச்சம்பிடிக்கலாம்: "நீரிழிவுக்காரர்களுக்கு" என்று விற்கும் பால்பொடிகளும் பானங்களும். விலை அதிகம், கார்ப் அவற்றிலும் உண்டு, பிள்ளைக்கு மருத்துவர் குறிப்பிட்டுச் சொன்னாலொழியத் தேவையில்லை. பாதாம் பாலும் அப்படித்தான். எதில் மிச்சம்பிடிக்கக் கூடாது: அளவுக்கோடு போட்ட பாட்டில், கிராம் காட்டும் சமையலறைத் தராசு, மீட்பு ஜூஸின் எண்ணிக்கை. சின்னப் பெட்டி மி.லி. கணக்கில் விலை கூடத்தான். பெரிய பாட்டிலை வாங்கி வீட்டில் ஊற்றியனுப்பினால், திறந்த ஜூஸ் ஒரே நாளில் கெடும், மீட்பு டப்பாவில் வாரக்கணக்கில் வைக்க முடியாது.

9. மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியவை

மாதத்தின் முதல் ஞாயிறு என்பது போல ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு மீட்பு டப்பாவின் காலாவதித் தேதி, உப்பிய பெட்டி இருந்தால் மாற்றுவது, குறைந்துபோன எண்ணிக்கையை நிரப்புவது. பள்ளி வண்டியில் வெயிலில் கிடந்த பெட்டியைத் தேதி இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்தையும் உறிஞ்சுகுழாயின் அடிப்பகுதியையும் கழற்றிப் பாருங்கள், கறுப்புப் புள்ளி படிந்திருந்தால் அது பூஞ்சை. பால் ஊற்றும் பாட்டிலுக்கு உறிஞ்சுகுழாயே இல்லாமல் அகல வாய் இருந்தால் கழுவுவது சுலபம்.

பிள்ளையின் எடையையும் அன்றே பாருங்கள். 24 கிலோவில் எழுதிய மீட்பு அளவு 30 கிலோவில் போதாது. கோப்பையில் போட்ட கோட்டை மாற்றி, பராமரிப்புத் திட்டத்தின் நான்கு படியிலும் புதிய மி.லி.யை எழுதி, மருத்துவரிடம் மறுபடி கையெழுத்து வாங்குங்கள்.